நெத்திலிச் சத்தம்

கடலூர் முதுநகரிலிருந்து
முதல் பஸ் பிடித்து வந்திருந்தார் அங்காளம்.
கம்மல், மூக்குத்தி, ஊக்கு நாலு
கழற்றி எண்ணி என் கையில் கொடுத்தார்.

பிறவியிலேயே பார்வை இல்லை.
குழாய்க்குள் படுக்கவைத்து
காதில் ஒவ்வொன்றாய் ஓட்டினேன்:
ஐஸ் உடைபடுவது,
சாவிக்கொத்து,
கூடையிலிருந்து கொட்டும் நெத்திலி.

புதுச்சேரி வெயில் எட்டாத அறை.
திரையில்
பின்னந்தலை, கண்ணுக்கென்று ஒதுக்கிய இடம்,
பற்றிக்கொண்டது.
சும்மா கிடக்கும் என்றுதான்
படிக்கும்போது நினைத்திருந்தேன்.
பூட்டிய வீட்டுக்குள்
யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்கு அவ்வளவு இல்லை.
நெத்திலிக்குத்தான்
அப்படியொரு எரிதல்.

வெளியே வந்ததும் கேட்டார்,
"என்னா தெரிஞ்சுது?"
வெளிச்சம், என்றேன்.
"என்னா கலரு?"
ஆரஞ்சு என்று சொல்லிவிட்டு
மனசு கேட்கவில்லை.
அது நாங்களே பூசுறதும்மா,
மெஷினுக்கு நிறம் தெரியாது.

"அப்ப அதுவும் நம்ம சாதிதான்."
சிரித்தபடி
ஊக்குகளை ஒவ்வொன்றாய்த் தடவி வாங்கினார்.
"அந்த நெத்திலி
முந்தாநாளு புடிச்சது தம்பி.
உளுவுற சத்தமே தொவண்டு போயிருக்கு."

ஒலிப்பதிவுக்காக
அந்தக் கூடையை வாங்கியது நான்தான்.
பார்த்துப் பார்த்து வாங்கியது.