இடப்பக்கம் இழுக்கிற கார்

இரண்டு ரூபாய்க் குற்றியை
முன்ரயரின் காடிக்குள் நிறுத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
உள்விளிம்பு
ஒரு மாதம் பாவித்த சவர்க்காரம் மாதிரி வழுவழு.
வெளிவிளிம்பில் இன்னும் கட்டை இருக்கிறது.
அதனால் வாசலில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும்
ரயர் நல்லாத்தானே இருக்கு என்றார்கள்.

மார்கழி.
நாற்பத்திரண்டு வெள்ளைச் சட்டை,
முப்பது நீலக் காற்சட்டை.
பள்ளிக்கூடம் தொடங்க முன்னம்
மாங்குளம், நெடுங்கேணி எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க வேணும்.
கையை விட்டால் இந்த அல்ற்றோ
செம்மண் கரைக்குப் போகப் பார்க்கிறது.
கரையில் இறங்காதே என்று
மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த காலத்தில்
சைக்கிள் பழகியவள் நான்.
தார் முடிகிற இடத்தில் இன்றைக்கும் கால் கூசும்.

இரவு, அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்கு.
வவுனியா, நசீர் நானா கடை:
ஒன்று இருபத்தோராயிரத்து ஐந்நூறு, பூட்டுக்கூலி இல்லை,
ஆனால் போய்வரப் பெற்றோல், அரைநாள் தையல்.
கிளிநொச்சி: இருபத்து மூவாயிரம்.
அலைன்மன்ற் கம்பியூட்டரில், நாலாயிரம்.
திரையில் பச்சை வந்தால் சரி,
சிவப்பு வந்தால் இன்னும் எதையெல்லாம் கழற்றுவார்களோ.
புதுக்குடியிருப்பு: பாவித்தது, ஒன்பதாயிரம்.
எங்கே பாவித்தது தம்பி?
"யப்பானில அக்கா. அங்க ரோட்டெல்லாம் கண்ணாடி."

நாலையும் மாற்று என்றார் துளசிகரன்.
நாலுக்கும் காசு எங்கே என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
துணியில் ஒட்டுப் போட்டு மிச்சம் பிடிக்கலாம்.
ரயரில்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
டிக்கியில் கிடக்கிற ஸ்பெயார் வீல்.
எனக்கு முன்னம் மூன்று பேர் வைத்திருந்த கார்,
ஒருத்தரும் அதை இறக்கவில்லை.
அப்படியென்றால் ஒன்று வாங்கினால் போதுமே!

ஒட்டுசுட்டானில் நிக்சனின் கராஜ்.
குந்தியிருந்து துணியால் துடைத்தான்.
பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டம்,
அதற்குள் நாலு இலக்கம்.
"2009" என்று வாசித்தான் வேலை பழகும் பெடியன். "வருசம்."
"இல்லையடா. முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம்.
ஒன்பதாம் ஆண்டு, இருபதாம் கிழமை."
சொல்லிவிட்டு நிக்சன் விரல் மடித்தான்,
தை, மாசி, பங்குனி என்று.
வைகாசியில் விரல் நின்றது.
நானும் மடித்துக்கொண்டிருந்தேன்.
பெடியன் அதற்குப் பிறகு பிறந்தவன்.
எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

அந்தக் கிழமை
எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் தேநீர் மணி அடித்திருக்கும்.
யாரோ கையுறை மாட்டியிருப்பார்கள்.
அச்சிலிருந்து இது
சூடாக, வட்டமாக,
ஒரு கீறல் இல்லாமல் இறங்கியிருக்கும்.

"இது வேண்டாம் அக்கா" என்றான் நிக்சன்,
"ஓடாட்டியும் றப்பர் இறுகும்."
நகத்தால் அழுத்திக் காட்டினான்.
மயிரளவு வெடிப்புகள், சுற்றிவர.
எறியவா என்றும் அவனே கேட்டான்.
திரும்ப டிக்கியில் போடு என்றேன்.

கடைசியில் வவுனியாவில் இரண்டு, புதிது.
பொத்தானும் நூலும் வாங்க எப்படியும் போகவேண்டியதுதான் என்று
பெற்றோலைத் தையல் கணக்கில் எழுதினேன்.
அலைன்மன்ற் நிக்சனிடம், ஆயிரத்தைந்நூறு.
பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு நைலோன் நூல் இழுத்து,
ஒற்றைக் கண் மூடி, ஒரு நெல் அளவு திருப்பினான்.
நூல் சொல்வது எனக்கு விளங்கும்.

மாங்குளம் வீதியின் நேர்த்துண்டில்
கையை விட்டு எண்ணினேன்.
பதினொன்று வரைக்கும் நேரே.
பன்னிரண்டில் மெல்ல, இடப்பக்கம்.
நிறுத்திப் போன் எடுத்தேன்.
"அது காரில்ல அக்கா" என்றான்,
"ரோட்டே அந்தப் பக்கம் சரிவு. மழைத்தண்ணி வடியவேணுமே."

கையை வைத்துக்கொண்டேன்.
பின்சீற்றில் இன்னும் பதினெட்டுச் சட்டை.