தவறூபன்

கிளிநொச்சி நீதிமன்றத்தில் தாபரிப்புக் காசு கட்டும் யன்னலில்
முதல் மாதமே என் பெயரைப் பிழையாய் எழுதினாள் ஒருத்தி.
சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற.
தவறூபன்.
திருத்தச் சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் இருபது பேர், ஒருத்தியின் தோளில் காய்ச்சல்காரப் பிள்ளை.
பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கு முன் எனக்கு வேறொரு பெயர்.
முறிகண்டி.
ஏ-ஒன்பதில் போகிற எந்த வாகனமும்
அங்கே நின்றுதானே போகவேண்டும் என்று
பாதை திறந்த வருடம், இருபத்தெட்டு வயதில்,
நானே எனக்கு வைத்தது.
மல்லாவியில், முழங்காவிலில், வவுனியா மண்டபத்தில்,
ஒருதரம் டொறன்ரோவிலும்
பாட்டுக்கு நாலு தரம் அந்தப் பெயரைச் சொன்னேன்.
எதிரே நிற்பவனின் தாயை இழுத்தும் எதுகை கட்டினேன்.
சனம் கதிரையில் ஏறி நின்று கத்தியது.
சுகிர்தா மீன்குழம்பை மூடிவைத்துவிட்டுப் படுத்திருப்பாள்.

இப்போது பரந்தனில், அரிசி ஆலைக்குப் பின்னால்,
கீர்த்திகனின் அறை.
சுவரெல்லாம் பழைய மெத்தை. ஒன்றில்
யார் வீட்டுப் பிள்ளையோ நனைத்த கறை,
இரணைமடுவை மேலிருந்து பார்ப்பதுபோல.
காற்றாடியை நிறுத்தவேண்டும், ஆலை ஓயவேண்டும்,
ரயில் போய்விடவேண்டும், நாய் படுக்கவேண்டும்,
கரண்டும் இருக்கவேண்டும்.
எல்லாம் கூடிவரும் நேரத்தில் மூச்சு இல்லை.
முன்பு பதினாறு அடி ஒரே இழுவையில்.
இப்போது பதினோராவதில் அறுகிறது.
"வெட்டி ஒட்டலாம் அண்ணை."
வேண்டாம் தம்பி, அறுந்தது அப்படியே கிடக்கட்டும்.

குடியை விட்டதைப் பற்றி ஒரு பாட்டு.
அதில் சாராயம் வரவேயில்லை,
பின்னேரம் ஆறு மணி எவ்வளவு நீளம் என்பது மட்டும்.

இன்னொன்றில் எதுகை இல்லை. அது சுகிர்தாவுக்கு.
அன்பு என்று முடித்தால் அடுத்த அடியில்
வம்பு வந்து வாசலில் நிற்கிறது.
நாங்கள் வம்பு பண்ணவில்லை.
பேசாமல் இருந்தோம், பதினொரு வருடம்.
அதற்கு எதுகை தேடினால் பொய்தான் வரும்.

இடது காதில் இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து ஓர் ஊசிச் சத்தம்.
"என்ன சுருதி அண்ணை?" என்றான் கீர்த்திகன்.
ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.
கீபோர்ட்டில் ஒவ்வொரு கட்டையாய் அழுத்தித் தேடினோம்,
கண்டுபிடித்தோம், மூன்றாவது பாட்டை அதிலேயே வைத்தோம்.
மூன்று நிமிடம் நாற்பது செக்கன்
அந்தச் சத்தம் எது, பாட்டு எது என்று
எனக்கே தெரிவதில்லை.

ஆல்பத்துக்குப் பெயர் கேட்டான்.
பற்றுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமைகள் எனக்கு, கோடு தந்தது.
பின்னேரம் மகளை மாங்குளத்தில் தாயிடம் விடவேண்டும்.
பஸ்ஸில் அபிசனா என் போனில் எட்டுப் பாட்டையும் கேட்டாள்,
காலை ஆட்டாமல், தலையை ஆட்டாமல்,
கணக்குச் சோதினை எழுதுகிற முகத்தோடு.
பிறகு என்னவோ கேட்டாள்.
இடது பக்கம் இருந்தாள். பாதிதான் விழுந்தது.
"... உங்கட பேர் எங்கயப்பா?"

பஸ் நின்றது.
சாரதி கற்பூரம் கொளுத்த இறங்கினார்,
பின்னால் சனமும் இறங்கியது.
என் பெயர் என்று பதினைந்து வருடம் கத்தித் திரிந்தவன்
இந்த இடத்தில் ஒருநாளும் காலை வைத்ததில்லை.
சீட்டில் இருந்தபடி அடுத்த அடியை யோசித்துக்கொண்டு
கடந்து போயிருக்கிறேன்.

"அப்பா, கச்சான்."

இறங்கினேன். மணல் சுட்டது.
வறுக்கிறவள் சுண்டில் அள்ளிப் போட்டாள்,
மிச்சக் காசுக்கு இன்னும் ஒரு பிடி.
சாரதி ஹோர்ன் அடிக்கிறார்.
சுருள் சூடாய் இருக்கிறது, கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறேன்.
யன்னலுக்குள்ளால் கையை நீட்டிக்கொண்டு
அவள் இன்னும் அதையேதான் கேட்கிறாள்.