பாக்கிச் சில்லறை

கண்ணை மூடிக்கங்க என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.
தூண்டில் நரம்பு போல ஒன்றை எடுத்து,
பாதத்தில் படும்போது சொல்லுங்க என்றாள்.
தெரியுது, என்றேன்.
இன்னும் தொடவே இல்லையே சார்.
பக்கத்து பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டு
தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

இருபத்தோரு வருஷம்
ஓடுகிற பேருந்தில் நின்ற கால் இது.
ஆரப்பாளையத்திலிருந்து சோழவந்தான் வரை
கம்பி பிடிக்காமல் டிக்கெட் கிழிப்பேன்.
விளாங்குடித் திருப்பம், பரவை மார்க்கெட் பள்ளம்,
எது எங்கே வருமென்று
டிரைவர் பிச்சைமணிக்கு முன்னால் என் காலுக்குத் தெரியும்.
இந்தக் காலுக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
ஜெசிந்தா சீட்டில் எழுத ஆரம்பித்திருந்தாள்.

மாத்திரை இரண்டுதான். மிச்சமெல்லாம் வேலை.
பஞ்சவர்ணம் சீட்டை இருமுறை வாசித்தாள்,
அன்றிரவே பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் வைத்தாள்.
சூட்டைக் காலால் பார்க்கக் கூடாதாம்.
முழங்கையை முக்கி, கொஞ்சம் விளாவி, மறுபடி முக்கி,
ம், வை என்றாள்.
அவள் முழங்கை சொல்வதுதான் இனி என் காலுக்குச் சூடு.
விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாதென்று
பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்தேன்.
குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய்,
இடுக்கில் மட்டும் கூடாது,
அது ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.
நகத்தை நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே என்கிறாள்,
தோண்டாமல் வெட்டிய நகம்
முடிக்காத கணக்கு மாதிரி உறுத்துகிறது எனக்கு.

அப்புறம் கண்ணாடி.
சவரம் செய்கிற கண்ணாடியைத் தரையில் சாய்த்து
காலைத் தூக்கினால் தொடை பிடித்துக்கொண்டது.
அவள் செல்போன் லைட்டை அடித்தாள்.
உள்ளே தெரிந்தது வேறு யாரோ ஒருவரின் கால்.
பரோட்டாக் கல்லின் ஓரம் போலக் கறுத்த குதி,
கட்டைவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஓர் ஆணி.
ஐம்பது வயதாகப் போகிறது,
இதன்மேல் நின்றுகொண்டுதான்
இத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்.

வெள்ளை சாக்ஸ் வாங்கினோம்.
ரத்தம் வந்தால் முதலில் அதில்தான் தெரியுமாம்.

செவ்வாய்க்கிழமை தேனூர்க்காரர் ஏறினார்,
தோளில் வெற்றிலைக் கட்டு.
மீதி ரெண்டு ரூபா என்றார்.
இறங்கும்போது வாங்கிக்கங்க என்றேன்.
போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.
பையைக் கவிழ்த்தே காட்டினேன்,
சத்தியமாய் இல்லையென்றேன்.
பஸ்ஸே என்னைப் பார்த்தது.

இரவு ஷூவைத் தலைகீழாய்த் தட்டினேன்,
அதுவும் சீட்டில் இருந்த வேலைதான்.
டங்.
இரண்டு ரூபாய் உருண்டு போய்
சிலிண்டருக்கடியில் நின்றது.
விடியற்காலை டிப்போவில்
ஷூவைக் கழற்றிவிட்டுச் சில்லறை எண்ணும்போது விழுந்திருக்கும்.
பஞ்சவர்ணம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
பிறகு இடது சாக்ஸை உருவினாள், லைட்டை அடித்தாள்,
சிரிப்பு நின்றது.
உள்ளங்காலில் வட்டமாய் ஒரு சிவப்பு.
பதினாறு மணி நேரம்,
ஆறு நடை,
ஒரு காசின்மேல் நின்றிருக்கிறேன்.
அழுத்திப் பார்த்தாள். வலிக்குதா?
இல்லை என்றேன்.
வலிக்குது என்று சொல்லேன், என்றாள்.

காசைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
மறுநாள் தேனூர் நிறுத்தத்தில்
அவர் கேட்கும் முன்பே நீட்டினேன்.
இன்னைக்கு முதல் காசு என்று
இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.
ஐயா, அது, என்று ஆரம்பித்தேன்.
பின்னால் நின்றவர் தள்ள,
பிச்சைமணி ஹாரன் அடிக்க,
விசில் ஊதிவிட்டேன்.
சமயநல்லூர் வரும்வரை
கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.