எத்தனை லிட்டர்?

எழுபத்து நான்காம் தெரு நிறுத்தத்தில் ரயிலைவிட்டு இறங்கும்போது
என் தோளில் தொங்கியது
கிழிந்துபோன குக்கர் கேஸ்கெட்.
கைப்பை மாதிரி மாட்டியிருந்தேன்.
வேறெப்படிக் கொண்டுபோவது அதை?

ஷஃபிகுலின் பாத்திரக் கடையில்
கூரையெல்லாம் வாணலி.
குனிந்தே கேட்டேன்.
"எத்தனை லிட்டர்?"
தெரியாது.
"என்ன கம்பெனி?"
தெரியாது.
முன்பு குடியிருந்தவர் அடுப்பிலேயே விட்டுப்போன குக்கர்.
மூடியில் பெயர் தேய்ந்து
கடைசி 'ஸ்' மட்டும் மிச்சம்.
மூன்று நாளாக
அது சொல்வதும் அதைத்தான்.

அவர் சிரிக்கவில்லை.
ஆணியில் தொங்கும் நாற்பது வளையங்களைக் காட்டி
"அளவில்லாமல் கொடுத்தால்
நாளைக்கு நீங்களே வந்து சண்டை போடுவீர்கள்" என்றார்.
உண்மைதான்.

குயின்ஸுக்கு வந்து மூன்று வருடம்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி,
பகலெல்லாம் தூக்கம்.
இந்தத் தெருவை வெளிச்சத்தில்
இன்றுதான் பார்க்கிறேன்.

தண்டவாளத்துக்குக் கீழே
யாங்ஜோமின் மோமோ வண்டி.
எட்டுக்கு ஒரு தட்டு, சட்னி கண்ணைக் கரிக்கும்.
தலைக்கு மேல் ரயில் போகும்போது
எல்லாரும் பேச்சை நிறுத்தி மெல்லுகிறார்கள்.
போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள்,
ஒருவரும் 'என்ன சொன்னேன்?' என்று கேட்பதில்லை.

காய்கறிக் கடையில்
'வெண்டைக்காய் நுனியை ஒடிக்காதீர்'
என்று நான்கு மொழிகளில் அட்டை.
அட்டைக்குக் கீழே
நுனி ஒடிந்த வெண்டைக்காய்கள்.
அடுக்கிக்கொண்டிருந்த ஈக்வடார்க்காரர் வில்மர்
என் தோளைப் பார்த்து இந்தியில் கேட்டார்,
எத்தனை லிட்டர்?

மீன் கடையில் ரம்பம் உறைந்த இலிஷை அறுத்தது.
பனித்தூள் செதிலோடு பறந்தது.
புருவம் திருத்தும் பெண்
பல்லில் நூலைக் கடித்தபடியே
தலையசைத்தாள்: இங்கே இல்லை.
அவளிடம் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.
அதற்குள் கேட்பது பழகிவிட்டது.
ஜிலேபி நூறு கிராம் வாங்கினேன்,
நடந்துகொண்டே தீர்ந்தது.

பிறகு மழை.

ஒதுங்கிய இடம் நகைக்கடை.
காவலாளி நர பகதூர் என் தோளை ஒரு தரம் பார்த்து
கதவைத் திறந்துவிட்டார்.
உள்ளே ஒரு கல்யாண வீடே உட்கார்ந்திருந்தது.
பிபின்பாய் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே
"எக்ஸ்சேஞ்சா?" என்றார்.

சொன்னேன்.
மணப்பெண்ணின் அத்தை சிரித்தாள்.
அவர் சிரிக்காமல்
வெல்வெட் தட்டை முன்னே நகர்த்தினார்.
வை என்று அர்த்தம்.
ஒட்டியாணத்துக்கு அளக்கும் நாடாவை எடுத்து
சுற்றளவு பார்த்தார்.
கவ்வுகோலால் தடிப்பு.
கிழிசலை விரலால் சேர்த்துப் பிடித்து
மறுபடி ஒருமுறை சுற்றளவு.
தராசிலும் போட்டார், அது யாருக்குத் தேவை?

தங்கச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
எடை முப்பத்து நான்கு கிராம் இருநூறு மில்லி.
செய்கூலி இல்லை.
சேதாரம் என்று நம்மூரில் சொல்லும் கட்டத்தில்
'முழுவதும்'.
தூய்மைக்கான கட்டத்தில் மட்டும்
கொஞ்சம் யோசித்து
ஒரு கோடு.

சீட்டைப் பார்த்ததும் ஷஃபிகுல்
மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார்.
"ஐந்து லிட்டர்."
கொக்கியால் ஒன்றை எடுத்தார், மூன்று டாலர்.
பழையதைத் தூக்கிப் போடச் சொன்னேன்.
தூக்கிப் போடாமல்
ஆணியின் கடைசியில் மாட்டினார்.
அங்கே ஏற்கெனவே
ஏழெட்டுக் கிழிசல்கள்.
சீட்டைத் தரமாட்டேன் என்றேன்,
அவர் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பசி இல்லை.
இருந்தாலும் பருப்பு வைத்தேன்.

முதல் விசில்.
மாடியில் சத்தமாய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள்
சட்டென்று நிறுத்தினார்கள்.

பிறகு
விட்ட சொல்லிலிருந்து.