கடைசி நிரல்

இக்கிக்கே துறைமுகத்துக் கடையில்
இரண்டு பெட்டிகள் இருந்தன.
ஒன்று முழு மூளை:
காரின் பழைய மூளையைப் பிடுங்கிவிட்டு
இதைக் குடிவைக்க வேண்டும்.
மற்றது சோப்புக்கட்டி அளவு.
அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே.
காற்றை அளக்கும் சென்சாருக்கும் மூளைக்கும்
நடுவில் உட்கார்ந்து பொய் சொல்வது.
"காற்று இன்னும் கொஞ்சம் வந்திருக்கிறது" என்னும்.
மூளை நம்பும்.
பெட்ரோலைக் கூட்டும்.

கடைக்காரன் முழு மூளையைத்தான்
தலையில் கட்டப் பார்த்தான்.
எட்டு மாத வாடகை.
பணம் மட்டும் காரணமில்லை.
எல் ஆல்ட்டோவில் ஜூன் மாத விடியல்
பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி.
அந்தக் குளிரில் எஞ்சினை எழுப்ப
ஜப்பானில் யாரோ ஒருவர்
எத்தனை இரவு கண்விழித்துப்
பழைய மூளைக்குப் பாடம் வைத்தாரோ.
அவரை வீட்டைவிட்டு அனுப்ப
எனக்கு மனமில்லை.
பொய்யையே வாங்கினேன்.

இரவுப் பேருந்தில், எல்லையில்,
சுங்கக்காரர் கேட்டபோது
ரேடியோ உதிரிபாகம் என்றேன்.
பெட்டி அப்போதே
வேலையைத் தொடங்கிவிட்டது.

பதினாறுக்குப் பதினாறு.
இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள்.
ஒரு பானைச் சோற்றுக்கு
ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது;
ஒவ்வொரு பருக்கையையும்
நசுக்கித்தான் பார்க்க வேண்டும்.
கொழுத்தால் கரும்புகை.
மெலிந்தால் முதலில் சுகமாக ஓடும்,
பிறகு பிஸ்டன் உருகும்.

செவெரோ ஓட்டினான். என் தங்கையின் கணவன்.
என் முழங்காலில் லேப்டாப்.
மூன்றாம் கியர், முழு மிதி,
மீட்டரில் பதினொன்று புள்ளி எட்டு.
"இன்னும் கொஞ்சம் உலர்த்து, நிகா" என்பான்.
பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்.
ஒரே ஒரு கட்டத்தில் ஒன்று குறைப்பேன்.
சீதனத்தில் ஆடு குறைந்தவனைப்போல
முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

நாங்கள் இருப்பது நாலாயிரம் மீட்டரில்.
இங்கே காற்று கஞ்சன்.
டர்போவை எவ்வளவு முறுக்கினாலும்
வலது ஓரத்து மூன்று நிரல்களை
எஞ்சின் எட்டவே இல்லை.
அங்கே வெறும் பூஜ்யங்கள்.
கட்டி முடித்தும் ஆள் வராத அறைகள்.

ஞாயிறு கீழே இறங்கினோம்.
லா கும்ப்ரே கணவாயில் பனி,
உந்துவாவியில் மூடுபனி,
காது இரண்டு முறை அடைத்துத் திறந்தது,
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
யோலோசாவில் வண்டியைத் திருப்பி
ஏற்றத்தில் மிதித்தான்.

காற்று கூழ்போல் தடித்திருந்தது.
திரையில் சுட்டி வலப்பக்கம் நகர்ந்தது,
ஆளில்லா முதல் அறை,
இரண்டாவது,
மீட்டரில் பன்னிரண்டரை,
பதின்மூன்று,
பதின்மூன்று புள்ளி ஆறு.
எஞ்சினுக்குள் யாரோ
தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கினார்கள்.
காலை எடு!
எடுத்தான்.

பப்பாளி விற்கிறவளின் அருகில் நிறுத்திப்
பிளக்கைக் கழற்றினேன்.
சுட்டு வெளுத்த பீங்கான்.
அதன்மேல் மிளகில் கால்வாசி,
ஒரு வெள்ளித் துளி.
பிஸ்டனிலிருந்து வந்தது.
செவெரோ அதை நகத்தால் தொட்டுப் பார்த்தான்.
அதற்குப்பின் அன்று முழுவதும்
உலர்த்து என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.
பப்பாளி வாங்கித் தந்தான்.
விசைகளுக்கிடையில் விதை விழ விழ
இரண்டு நிரல்களை
இருட்டும்வரை நிரப்பினேன்.

மிஞ்சியது கடைசி நிரல்.
அதைத் தொடக் கடல்மட்டக் காற்று வேண்டும்.
எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை.
இருந்தது. போரில் போனது.
மார்ச் மாதந்தோறும் பள்ளிச் சீருடையில்,
கையில் காகிதப் படகுடன்,
அதைத் திருப்பிக் கேட்டு நடந்திருக்கிறேன்.
ஏழாம் வகுப்பில் கொடியும் பிடித்தேன்.

அந்தப் பதினாறு கட்டங்களிலும்
பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே
ஊகித்துப் போட்டேன்.
கோப்பைச் சேமித்தேன்.
பெயர் கேட்டது.
"கடல், சரிபார்க்கவில்லை" என்று தட்டினேன்.

மேலே ஏறும்போது
சுட்டி மெல்ல இடப்பக்கம் வந்தது.
செவெரோ ஹீட்டரைப் போட்டான்.