எட்டாயிரத்துக்கு மேலே

மூன்று குளிர்காலமாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன்.
பெட்டியின் பெயர், வயது, எத்தனை கை மாறியது,
கேட்ட விலை, படிந்த விலை.
ஒரு யூரோவுக்கு எவ்வளவு இசை என்று
கடைசிக் கட்டத்தில் நானே கண்டுபிடித்த ஒரு வகுத்தல்.
டிராம் பணிமனையில் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
புதிதில் முப்பதாயிரம் விற்ற ஆம்ப்ளிஃபயர்
பத்தாம் வருஷம் நாலாயிரத்துக்கு இறங்கிவந்து
பூனைபோல் காலைச் சுற்றும்.
காத்திருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் வந்தது அந்த விளம்பரம்:
லஹ்தி. ஸ்பீக்கர் ஒரு ஜோடி. வைர ட்வீட்டர்.
விற்கும் காரணம்: விவாகரத்து.
என் அட்டவணையில் அதுவரை
அப்படியொரு விடை விழுந்ததில்லை.
ஹெல்சிங்கியில் வாடகைக்கு வேன் பிடித்து
சாலை உப்பு கண்ணாடியில் தெறிக்க
நூறு கிலோமீட்டர்.

கதவைத் திறந்தவள் ரைலி ஹன்னுகைனென்.
பின்னால் ஒரு சாம்பல் நாய்.
காலுறையோடு உள்ளே போனேன்.
நின்றிருந்தன இரண்டும்,
ஆளுயரம், கருப்பு,
சவ அடக்கத்துக்கு வந்து சீக்கிரம் போக நினைப்பவர்கள் மாதிரி.
"அவன் என்னிடம் சொன்ன விலை ஒன்று.
ரசீதில் இருந்தது வேறொன்று.
ரசீதைப் பார்த்துத்தான் விற்கிறேன்" என்றாள்.

யானைக்குத் தலையாட்டிவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசும் ஆள் நான்.
ஒயரையும் சேர்த்துக் கேட்டேன்.
அவள் என் காதைப் பார்த்தாள்.
"என்ன வேலை?"
"டிராம் ஓட்டுகிறேன். இருபத்தாறு வருஷம்."
"நான் ஆஸ்பத்திரியில் காது சோதிப்பவள். உட்காருங்கள்."

சமையலறை மேசை, ஆறிக்கொண்டிருக்கும் காபி,
ஹெட்போன், கையில் ஒரு பொத்தான்.
கேட்டால் அழுத்த வேண்டும்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
பிறகு என் மூச்சு மட்டும்.
அவள் இன்னும் எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

அதே ஒலியை ஸ்பீக்கரில் விட்டாள்.
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.
எப்போது தொடங்கும் என்று
நான் காத்திருந்தேன்.

காகிதத்தில் என் காது ஒரு கோடு.
எட்டாயிரம்வரை நிதானமாக நடந்து வந்து
ஏரியில் பனி உடைந்தவனைப் போல்
அங்கேயே இல்லாமல் போயிருந்தது.
"இந்த வைரத்துக்கு நாலு மாடி.
நீங்கள் ஏற முடிவது முதல் மாடிவரை."
"அப்படியானால் முதல் மாடிக்கு மட்டும் விலை சொல்லுங்கள்."
சிரித்தாள்.
குறைக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை.
சுவரில் தொங்கிய கம்பளி விரிப்பைக் காட்டினேன்,
சிவப்பும் பாசியும், விரல் புதையும் தடிமன்.
"அவன் தங்கை நெய்தது. முப்பத்தைந்து கொடுங்கள்,
இன்றே போகட்டும்."
மூன்று பீரோ பிடிக்கும் வேனில்
அது மட்டும் சுருண்டு படுத்து வந்தது.

மொட்டை கான்கிரீட்டில் அதை மாட்டினேன்.
பழைய ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டு
இரண்டு சாண் முன்னே நகர்த்தினேன்.
பதினோரு வருஷமாக மூலையில் தளும்பிக்கிடந்த பேஸ்
நடு அறைக்கு வந்து
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.
அன்றிரவு தூங்கவில்லை.
கம்பளி, முப்பத்தைந்து, என்று எழுதினேன்.
வேன் வாடகையை எந்தக் கட்டத்தில் போடுவது
என்று இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை, ஹக்கானியெமி வளைவு.
சக்கரம் தண்டவாளத்தைக் கடிக்கும் இடம்.
எனக்கு ஏதோ துணி உரசுவதுபோல்.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
ஒரு பள்ளிக்கூடப் பெண் முகம் சுளிக்கிறாள்.
தள்ளுவண்டியில் ஒரு குழந்தை
இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறது.

ஓ.
இன்னும் இருக்கிறது.