பட்டாணி அளவு

என் பெயர் யாகோடா.
எங்கள் மொழியில் காட்டுச் சிறுபழம்.
பள்ளியில் எவன் முதலில் சொன்னானோ,
"பேருக்கேத்த முகம்" என்று.
அப்போது பதினான்கு. இருபதில் போய்விடும் என்றார்கள்.
இப்போது இருபத்து நான்கு.
போகிறவை போகத்தான் செய்கின்றன,
அதனதன் இடத்தில்
பழுப்பாய் ஒரு ரசீது வைத்துவிட்டு.

ஒரே முகத்தில் இரண்டு பருவநிலை எனக்கு.
நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை
ரயிலடிக் கடையில் பொரித்தெடுத்த மாவுருண்டை;
ஒற்றியெடுத்த தாளின் வழியே விளக்கு தெரியும்.
கன்னங்களோ, பால்டிக் காற்று திரும்பிய மறுநாளே
பிர்ச் மரப்பட்டை போல உரியத் தொடங்கும்.
நெற்றிக்கு வாங்கியது கன்னத்தை எரிக்கும்.
கன்னத்துக்கு வாங்கியது நெற்றிக்குத் தீனி.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு மங்கல்,
கழுவியும் பிசுக்குப் போகாத தட்டின் நிறத்தில்.

க்டீனியாவில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே,
முகங்களைப் படமெடுத்துப் பிழைக்கிறேன்.
வேலை விண்ணப்பத்துக்கென்றால்
பத்து ஸ்லோட்டி கூடுதலாக வாங்கிக்கொண்டு
பருக்களை அழித்துத் தருவேன். ஒரு பருவுக்கு ஒரு சொடுக்கு.
எத்தனை பேரின் தாடையைத் துடைத்திருக்கும்
இந்தச் சுட்டுவிரல்!
இரவானால் அதே விரல்
என் தாடையைத் தேடிப் போகும், கிள்ள.

அடையாள அட்டைக்கென்றால் தொடக்கூடாது.
சிரிக்கக்கூடாது, நிழல் விழக்கூடாது,
உள்ளது உள்ளபடி.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான். க்னியெவ்கோ.
பதினெட்டு முடிந்து ஒரு வாரம்.
கம்பளித் தொப்பி புருவம் வரை.
கழற்றச் சொன்னேன்.
கடனைத் திருப்பித் தருகிறவன் போலக் கழற்றினான்.
என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"இதையெல்லாம் எடுத்துவிடுவீங்களா?"
முடியாது.
"அட்டை எத்தனை வருஷம் செல்லும்?"
பத்து.
"அடேயப்பா, இதுகளுக்கே அவ்வளவு ஆயுசு இருக்காது"
என்று சிரித்துவிட்டான்.
சிரித்த படம் செல்லாது.
மறுபடி எடுத்தேன், மறுபடி சிரித்தான்.
நாலாவது படத்தில்தான் வாய் மூடியது.
அதிலும் கண் மூடவில்லை,
அது சட்டப்படி சரி.

பிறகு, திரையில் அவன் முகம் நிற்க,
என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்:
"நீங்க என்ன பூசறீங்க?"

பத்து வருடமாக எல்லோரும் எனக்குச் சொன்னார்கள்.
பாலை நிறுத்து, சாக்லேட்டை நிறுத்து,
பற்பசை வை, கடல்நீரில் கழுவு,
கவலைப்படாதே.
என்னைக் கேட்டவன் இவன்தான்.

சொன்னேன்.
ராத்திரி ஒரே களிம்பு, பட்டாணி அளவு,
முகம் முழுக்கவும் அவ்வளவுதான்.
அள்ளிப் பூசினால் பரு போகாது, தோல்தான் போகும்.
கன்னத்துக்கு முதலில் ஈரப்பசை.
சூரியன் லீவில் இருந்தாலும் வெயில் களிம்பு.
பன்னிரண்டு வாரம் பொறுக்கணும்.
"அப்புறம் போயிடுமா?"
தெரியாது. எனக்கு இது ஏழாவது வாரம்.

பேருந்து நேர அட்டவணையைப் படிப்பவன் போல
என் நெற்றி, மூக்கு, தாடை என்று படித்தான்.
"பரவாயில்லை" என்றான்.
முகத்தையா, வாரத்தையா,
கேட்கவில்லை.

மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில்
அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை, அவனுக்கு.
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
ஆறுதல் போல ஒலித்துவிடும்.
கத்தரித்து உறையில் போட்டேன். அலுவலகம் மூடும் நேரம்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே
சாலையைக் கடந்து ஓடினான்.

ராத்திரி தலையணை உறை மாற்றினேன்.
பட்டாணி அளவு.
துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.
தாடையின் இடப்பக்கம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது,
கண்ணாடிக்கு இன்னும் தெரியாது,
எனக்குத் தெரியும்.
விரல் பாதி வழி போனது.
அங்கேயே நின்றது கொஞ்ச நேரம்,
பிறகு விளக்கை அணைக்கப் போனது.